அமோனியாவை உடைத்தால் ஹைட்ரஜன்: ஒரு உலோகம் போதாதா, இரண்டு எதற்கு?

எதிர்கால எரிபொருள் ஹைட்ரஜன்தான் என்கிறார்கள். எரித்தால் தண்ணீர்தான் வரும், கார்பன் புகை கிடையாது. ஆனால் ஒரு நாட்டில் தயாரித்த ஹைட்ரஜனை இன்னொரு நாட்டுக்கு அனுப்புவது எப்படி? இதற்குப் பல நாடுகள் சொல்லும் பதில், அமோனியா. ஆமாம், உரத் தொழிற்சாலைப் பக்கம் போனால் மூக்கைத் துளைக்குமே, அதே அமோனியாதான்.

அமோனியாவாக மாற்றி அனுப்பிவிடலாம். போய்ச் சேர்ந்த இடத்தில் அதை உடைத்து ஹைட்ரஜனை வெளியே எடுப்பதுதான் கஷ்டம். அதற்குத்தான் 'இரட்டை உலோக வினையூக்கி' ஆய்வுகள் நடக்கின்றன. அது என்ன?

ஏன் அமோனியா?

ஹைட்ரஜனைத் திரவமாக்க மைனஸ் 253 டிகிரி செல்சியஸ் வரை குளிர்விக்க வேண்டும். அமோனியாவுக்கு மைனஸ் 33 டிகிரி போதும். இன்னொரு ஆச்சரியம்: ஒரு லிட்டர் திரவ ஹைட்ரஜனில் இருப்பதைவிட, ஒரு லிட்டர் திரவ அமோனியாவில் ஒன்றரை மடங்குக்கும் அதிகமான ஹைட்ரஜன் இருக்கிறது. உரத்துக்காக உருவான கப்பல்கள், சேமிப்புத் தொட்டிகள் எல்லாம் ஏற்கெனவே இருக்கு.

சிக்கல் எங்கே?

ஒரு கிலோ ஹைட்ரஜன் வேண்டுமென்றால் சுமார் 5.6 கிலோ அமோனியாவை உடைக்க வேண்டும். உடைக்க வெப்பம் வேண்டும். கிடைக்கும் ஹைட்ரஜனில் உள்ள ஆற்றலில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு இதற்கே போய்விடும். இது இயற்கையின் கணக்கு. எந்த வினையூக்கியாலும் மாற்ற முடியாது.

ஆனால், எவ்வளவு சூட்டில் உடைக்கிறோம் என்பதை மாற்றலாம். சாதாரண அழுத்தத்தில், 400 டிகிரியிலேயே 99 சதவீத அமோனியா உடைய முடியும் என்கிறது கணக்கு. நிஜத்தில் அந்தச் சூட்டில் வினை ஆமை வேகத்தில்தான் நடக்கும். விலை மலிவான நிக்கல் வினையூக்கியை வைத்தால் பெரும்பாலும் 600 டிகிரிக்கு மேல் போக வேண்டியிருக்கு. அவ்வளவு சூடு என்றால் எரிபொருள் செலவு கூடும். அந்தச் சூட்டில் அமோனியா எஃகையும் கெடுக்கும் என்பதால் விலை உயர்ந்த உலோகக் குழாய்கள் வேண்டும்.

குறைந்த சூட்டிலேயே நன்றாக வேலை செய்யும் உலோகம் ருத்தேனியம். ஆனால் அது பிளாட்டினம் சுரங்கங்களில் துணைப் பொருளாகக் கிடைக்கும் அரிய உலோகம். பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவிலிருந்து வருகிறது. உலகத்துக்கே எரிபொருள் தரும் ஆலைகளை இதை நம்பிக் கட்ட முடியுமா?

இரண்டு உலோகம் எதற்கு?

அமோனியா முதலில் உலோகத்தின் மேல் ஒட்டும். ஹைட்ரஜன் அணுக்கள் ஒவ்வொன்றாகக் கழலும். கடைசியில் மிஞ்சும் நைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து வாயுவாக வெளியேற வேண்டும்.

பஸ்ஸை நினைத்துப் பாருங்க. இறங்க வேண்டியவர் சீட்டை விடாமல் உட்கார்ந்திருந்தால் அடுத்தவருக்கு இடம் கிடைக்காது. மாலிப்டினம் அப்படித்தான், நைட்ரஜனை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கோபால்ட் நேர் எதிர், அதன் பிடி தளர்ந்தது. அதில் ஆளே சரியாக ஏற மாட்டார். இரண்டையும் கலந்தால் பிடி நடுத்தரமாகும். ருத்தேனியத்தின் பலமே இந்த அளவான பிடிதான்.

அமோனியா தயாரிக்கும் வினைக்கு, 2001-ல் டென்மார்க் ஆய்வாளர்கள் இந்தக் கணக்கை வைத்து கோபால்ட்-மாலிப்டினம் கூட்டணி நல்ல பலன் தரும் என்று காட்டினார்கள். உடைப்பது அதே வினையின் மறுபக்கம் என்பதால், இங்கேயும் அதே யோசனை கைகொடுக்கிறது. நிக்கல்-இரும்பு போன்ற ஜோடிகளும் ஆய்வில் இருக்கின்றன.

2022-ல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகக் குழு வேறு வழியில் போனது. செம்பு-இரும்பு ஜோடியில் எல்.இ.டி. வெளிச்சத்தைப் பாய்ச்சி, வெளியிலிருந்து சூடேற்றாமலே அமோனியாவை உடைத்தது. வெளிச்சத்தைப் பிடிப்பது செம்பு, உடைப்பது இரும்பு. வெளிச்சத்தில் இதன் திறன் செம்பு-ருத்தேனியம் ஜோடிக்கு நிகராக இருந்தது என்பதுதான் செய்தி.

புரோமோட்டர் என்றால்?

பிளஸ் டூ வேதியியலில் படித்திருப்பீங்க: ஹேபர் முறையில் இரும்பு வினையூக்கி, மாலிப்டினம் உயர்த்தி. அந்த 'உயர்த்தி'தான் புரோமோட்டர். தனியாக இருந்தால் பெரிதாக எதுவும் செய்யாது, வினையூக்கியோடு கொஞ்சம் சேர்த்தால் அதன் வேகத்தைக் கூட்டும். பொட்டாசியம், சீசியம், பேரியம் போன்றவை ருத்தேனியத்துக்கு எலக்ட்ரான்களைத் தள்ளிவிடும். அதனால் நைட்ரஜன் சீக்கிரம் 'இறங்கி'விடும். விலை உயர்ந்த உலோகத்தைக் குறைவாகப் போட்டு அதிக வேலை வாங்க இது உதவும்.

நமக்கு என்ன?

2023 ஜனவரியில் மத்திய அரசு ஒப்புதல் தந்த தேசிய பசுமை ஹைட்ரஜன் திட்டத்தின் மதிப்பு 19,744 கோடி ரூபாய். 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் உற்பத்தி என்பது இலக்கு. பசுமை ஹைட்ரஜன் மையமாகத் தேர்வான துறைமுகங்களில் தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகமும் ஒன்று.

அமோனியா நச்சு வாயு என்பதையும் மறந்துவிடக் கூடாது. 2023 டிசம்பரில் எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, நள்ளிரவில் மக்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள். வர்த்தகம் பெருகினால் பாதுகாப்பும் பெருகியாக வேண்டும்.

எல்லா அமோனியாவையும் உடைக்க வேண்டியதில்லை. உரத்துக்கு அப்படியே பயன்படுத்தலாம். இந்தியா இன்றும் அமோனியாவை இறக்குமதி செய்கிற நாடு. அதை இங்கேயே பசுமை அமோனியாவாக மாற்றினால் உடைக்கும் செலவே இல்லை. வாகன எரிபொருள் மின்கலத்துக்கு என்றால்தான் உடைத்தே ஆக வேண்டும். அங்கே விதி ரொம்பக் கறார்: ஹைட்ரஜனில் அமோனியா ஒரு கோடியில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது.

அதனால், 'மலிவான புதிய வினையூக்கி கண்டுபிடிப்பு' என்று அடுத்த முறை செய்தி வந்தால் மூன்று விஷயங்களைப் பாருங்க. எத்தனை டிகிரியில் முழுசா உடைத்தது? எத்தனை ஆயிரம் மணி நேரம் களைக்காமல் ஓடியது? மிச்ச அமோனியா எவ்வளவு? மூன்றுக்கும் பதில் இருந்தால்தான் அது ஆய்வகத்தைத் தாண்டி ஆலைக்கு வரும்.