சரக்குந்து ஓட்டுவார்க்குத் தமிழில் பயிற்சி வேண்டும்!

நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி வட்டாரங்களில் மழை பொய்த்த மேட்டுக்காடுகளை நம்பி வாழவியலாத உழவர் மக்கள் சரக்குந்தை நம்பி வாழத் தலைப்பட்டுப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. வண்டிக்குக் கூண்டு கட்டுவதும் அங்கே. வண்டியை வடகோடி வரை ஓட்டிச் செல்வதும் அவ்வூர் ஆட்களே. தென்மாநிலங்களுக்குச் சமையல் எரிவளி சுமக்கும் பேருருளை வண்டிகள் பலவற்றுக்கும் நாமக்கல்லே தாயகம். இத்துணைப் பெருந்தொழிலை நடத்தும் கைகளுக்கு யார், எவ்வாறு, எம்மொழியில் பயிற்சி தருகின்றனர் என்று தமிழறிஞர் எவரேனும் கேட்டதுண்டா? கணிப்பொறிக்குக் கலைச்சொல் வேண்டுமென்று மாநாடு கூட்டுகின்றோம், நன்று. சரக்குந்துக்கு எவரும் கூட்டக் காணோம்.

முன்னாளில் இத்தொழிலுக்கு வண்டியே பள்ளி. 'கிளீனர்' என்று நாடெங்கும் அழைக்கப்பெற்ற உதவியாளாக ஓர் இளைஞன் வண்டியேறுவான். சக்கரத்துக்கு அடிக்கட்டை வைப்பான். தார்ப்பாயை இழுத்துக் கட்டுவான். வண்டி பின்னோக்கி வருங்கால் இறங்கி நின்று குரல் கொடுப்பான். இரண்டு மூன்று ஆண்டு இவ்வாறு கழிந்தபின், ஆளரவமற்ற நெடுஞ்சாலையில் ஒருநாள் மூத்த ஓட்டுநர் அவன் கையில் வண்டியைக் கொடுத்துப் பார்ப்பார். இம்முறையைப் பொற்காலம் என்று போற்ற நாம் ஒருப்படோம். உரிமமற்றவன் கையில் வண்டியைக் கொடுத்தல் சட்டத்துக்குப் புறம்பானது. பல இளைஞர்க்கு அடியும் வசவுமே ஆசிரியராயின. சோறும் சிறு படியுமே கூலியாயின. ஆயினும், அவன் கற்றவை அனைத்தையும் தன் தாய்மொழியிலேயே கற்றான். கற்றவற்றின் 'ஏன்' என்பதையும் சேர்த்தே கற்றான்.

ஒரு சான்று கூறுவோம். எந்தப் பல்லிணையில் மலையேறுவாயோ அதே பல்லிணையில் இறங்கு என்பது மூத்த ஓட்டுநர் எவரும் தரும் பாடம். தருமபுரியை அடுத்த தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில் எரிநெய் மிச்சமாகும் என்றெண்ணிப் பல்லிணையை விடுவித்து வண்டியை உருளவிடுவோர் உளர். அவ்வாறு விட்டால் பொறியின் இழுபிடி அற்றுப்போகும். சுமையின் உந்துதல் முழுவதும் பிரேக்கு எனப்பெறும் தடையின்மேல் விழும். தடை சூடேறிப் பிடிப்பிழக்கும். பொறியையும் அணைத்துவிட்டாலோ காற்றழுத்தி நின்றுவிட, ஒவ்வொரு மிதிக்கும் தடைக்குரிய காற்று குறைந்துகொண்டே போகும். இதை உணர்ந்தவன் ஒருநாளும் அவ்வாறு உருளவிடான். 'செய்யாதே' என்னும் ஒரு சொல்லை மட்டும் மனப்பாடம் செய்தவன், எரிநெய் விலையேறிய மறுநாளே செய்வான்.

இன்று உதவியாளின்றி ஓட்டுநர் ஒருவரே செல்லும் வண்டிகள் பெருகிவிட்டன. பழைய பள்ளி மூடப்பெற்றுவிட்டது. அதனிடத்தில் வந்தது யாது? 1988-ஆம் ஆண்டின் மோட்டார் ஊர்திச் சட்டப்படி, போக்குவரத்து ஊர்தி ஓட்ட 20 அகவை நிரம்பியிருத்தல் வேண்டும். இலகு ஊர்தி உரிமம் பெற்று ஓராண்டேனும் ஆகியிருத்தல் வேண்டும். பயிற்சிப் பள்ளியின் சான்றும் வேண்டும். அப்பள்ளியில் 30 நாளும், அதனுள் வண்டியோட்டம் குறைந்தது 15 மணி நேரமும் என விதி வரையறுத்துள்ளது. நாமக்கல்லிலிருந்து தில்லிக்குச் செல்லும் ஒரு நடையில் பாதித் தொலைவுக்கும் போதாது இந்தப் பதினைந்து மணி! அதையேனும் முழுமையாக, சுமையேற்றிய வண்டியில், மலைச்சாலையிலும் இரவிலும் ஓட்டச்செய்து கற்பிக்கும் பள்ளி எத்தனை என்பதைப் பயின்று வந்தவர்களையே கேட்டறிக. 7,500 கிலோ வரையுள்ள சரக்கூர்திகளை இலகு ஊர்தி உரிமத்தோடே ஓட்டலாம் என 2024-இல் உச்ச நயன்மன்றம் தீர்ப்பளித்துவிட்டமையால், அவற்றுக்கு இச்சிறு பயிற்சியும் இல்லை.

இனி மொழிக்கு வருவோம். 1989-ஆம் ஆண்டின் மோட்டார் ஊர்தி விதிகளுள் 9-ஆம் விதி, இடர்மிகு சரக்கை ஏற்றிச் செல்லும் ஓட்டுநருக்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்கின்றது. மூன்று நாள் பயிற்சி அது. நல்ல விதியே, நாள்தான் போதாது. ஆனால் அதே விதி, அரசமைப்பின் எட்டாம் பட்டியல் மொழிகளுள் ஒன்றையும், அதனோடு ஆங்கிலத்தையும் எழுதப் படிக்கத் தெரிந்திருத்தல் வேண்டும் எனவும் கூறுகின்றது. இருபது ஆண்டு எரிவளி வண்டியோட்டித் தமிழைப் பிழையறப் படிக்கும் ஒருவன், ஆங்கிலம் அறியாமையால் தகுதியற்றவனாவானாம்!

படிப்பறிவு வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை, மிக வேண்டும். சமையல் எரிவளி காற்றினும் கனமானது. கசிந்தால் மேலெழுந்து கலையாது. தரையோடு படர்ந்து பள்ளத்திலும் வடிகாலிலும் தங்கி, தொலைவிலுள்ள அடுப்பொன்றால் பற்றிக்கொள்ளும். 2012 ஆகத்து 27-ஆம் நாள் இரவு கண்ணூரை அடுத்த சாலாவில் எரிவளி வண்டியொன்று கவிழ்ந்து தீப்பற்றியதில் 20 பேர் மாண்டனர். இத்தகைய பொழுதில் எந்த அடைப்பை முதலில் மூடுவது, மக்களை எப்பக்கம் விரட்டுவது, யாரை அழைப்பது என்பவற்றைக் கூறும் ஏடு ஓட்டுநர் அறையில் இருத்தல் வேண்டும் என விதியே பணிக்கின்றது. ஏதம் நேர்ந்த அந்நொடியில் அவன் அகராதி தேடுவானா?

பல மாநிலம் செல்லும் வண்டிக்குத் தமிழ் எதற்கு என்பர் சிலர். வண்டியின் புறத்தே எழுதப்பெறும் 1075 என்னும் எண் உலகெங்கும் இவ்வெரிவளியைக் குறிப்பது; தீச்சுடர்ப் படத்துக்கும் மொழியில்லை. பிற மாநிலத் தீயணைப்பாளர்க்கு உரியவை அவை. அறையினுள் இருக்கும் ஏடோ ஓட்டுநருக்கு உரியது. அஃது அவன் மொழியிலேயே இருத்தல் வேண்டும். வடக்கே சென்று அவன் இந்தியும் ஆங்கிலமும் நான்கு சொல் பேசிக்கொள்வது அவன் திறமை. அதை அவனுக்குரிய தகுதியாக்கத் தில்லிக்கு என்ன தேவை?

கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் பயிற்சிப் பிரிவு உள்ளது; நாமக்கல்லிலேயே அசோக் லேலண்டு நிறுவனம் 1995-இல் தொடங்கிய பயிற்சி நிலையம் உள்ளது. இடமும் கருவியும் இல்லையென்று தமிழக அரசு கூறவியலாது. கனவூர்திப் பயிற்சிக்கு முழுமையான தமிழ்ப் பாடநூலொன்றை அரசே வெளியிடுக. எரிவளி வண்டிகளின் அறையேடு தமிழிலும் இருத்தல் வேண்டும் என ஆணையிடுக. 9-ஆம் விதியிலுள்ள ஆங்கிலக் கட்டாயத்தை நீக்குமாறு இந்திய அரசுக்குத் தீர்மானம் விடுக்க.

பொறியியல் கற்ற நம் அன்பர்கட்கும் பணியுண்டு. நூலெழுதப் புகுமுன் நாமக்கல் பட்டறைகளில் நான்கு நாள் அமர்ந்து கேளுங்கள். நடை, கூண்டு, படி, கொண்டையூசி வளைவு என அவர்கள் வாயில் வழங்கும் தமிழ்ச் சொற்களை முதலில் தொகுத்துக்கொண்டு, இல்லாதவற்றுக்கு மட்டும் புதுச்சொல் ஆக்குங்கள். ஆக்கியதை அவர்களிடமே கொடுத்து, நாவில் ஏறுகின்றதா என்று கேட்டபின் அச்சுக்கு அனுப்புங்கள்.