நாற்காலிக்கு எண் உண்டு, ஓவியத்துக்குப் பெயர் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் ஊர் அரசு நவீனக் கலைக்கூடம் வெள்ளையடிக்கப்பட்டுத் திறப்புவிழா கண்ட கதை உங்களுக்குத் தெரியும். ரிப்பன் வெட்டிய படத்தை நீங்களும் வெளியிட்டிருந்தீர்கள். ரிப்பன் விழுந்த பிறகு உள்ளே நடப்பதைப் போன வியாழக்கிழமை பார்த்துவிட்டு வந்த ஆத்திரம் ஆறாமல் இதை எழுதுகிறேன்.

சென்னையில் ஓவியக் கல்லூரியில் படிக்கும் என் தங்கை மகள், இங்கே தொங்கும் ஓர் ஓவியத்தைப் பார்ப்பதற்காகவே ராத்திரி பஸ் பிடித்து வந்திருந்தாள். மதராஸ் கலை இயக்கத்தைச் சேர்ந்த ஒருவர் வரைந்தது. அவர் பெயரை எழுதினால் எந்த ஊர்க் கூடம் என்று தெரிந்துவிடும். பிறகு நடவடிக்கை பாய்வது வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலாளி மேல்தான், மேலே இருப்பவர்கள் மேல் அல்ல. அதனால் விட்டுவிடுகிறேன்.

வாசலிலேயே அந்தக் காவலாளி மறித்தார். "படம் பாக்கணும்னா நாலு மணிக்கு மேல வாங்க சார். உள்ள ஐயாவோட மீட்டிங் ஓடுது." கலைக்கூடத்தில் படம் பார்க்க வருகிறவன்தான் இப்போது அந்நியன். பார்வை நேரம் காலை பத்து முதல் ஐந்து வரை என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறதே என்று கேட்டேன். அவர் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பாவம், கதவைக் கொஞ்சம் திறந்துவிட்டார்.

உள்ளே ஏதோ ஒரு துறையின் ஆய்வுக் கூட்டம். வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள், மைக் செட், பொன்னாடைக் குவியல், சமோசா வாசனை. மேடைக்குப் பின்னால் சுவரை அடைத்து ஃபிளெக்ஸ் பேனர். அதன் ஒரு முனைக் கயிறு, இரண்டு ஓவியங்களுக்கு நடுவே புதிதாக அடித்த ஆணியில். மறுமுனை, செப்புத் தகட்டைத் தட்டி உருவாக்கிய ஒரு சிற்பத்தின் கையில்! பேனருக்குப் பின்னால் மூன்று ஓவியங்கள். அவள் தேடி வந்தது நடுவில் இருந்தது.

கூட்டம் கலைந்து பேனரை அவிழ்த்தபோது அருகில் போய்ப் பார்த்தோம். பெடஸ்டல் ஃபேன் காற்றில் பேனர் ஆடியிருக்கிறது. அதன் ஓரத்து இரும்பு வளையம் கேன்வாஸின் கீழ்மூலையில் ஓயாமல் உரசி, கட்டைவிரல் நகம் அளவுக்கு வண்ணம் பெயர்ந்து அடிப்பூச்சின் வெள்ளை தெரிந்தது. தரையில் செம்மண் நிறத்தில் துளித்துளியாகச் சில்லுகள். அவள் குனிந்து அவற்றை ஒரு காகிதத்தில் சேர்த்தாள். சரிசெய்ய வருகிறவர்களுக்கு இது வேண்டியிருக்கும் மாமா என்றாள். சரிசெய்ய யாரோ வருவார்கள் என்று அந்த வயதில்தான் நம்ப முடியும்.

அந்த ஓவியத்தின் கீழே லேமினேட் செய்த ஒரு சீட்டு: "நவீன ஓவியம்". அவ்வளவுதான். வரைந்தவர் யார், எந்த ஆண்டு, எண்ணெய் வண்ணமா அக்ரிலிக்கா, ஒன்றும் கிடையாது. பக்கத்துப் படத்துக்கும் அதே சீட்டு, அதற்கடுத்ததற்கும் அதே. நானோ உள்ளாட்சித் தணிக்கையில் காலம் தள்ளியவன். பழக்கதோஷத்தில் நாற்காலிகளைத் திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொன்றின் முதுகிலும் துறையின் பெயர், வாங்கிய ஆண்டு, வரிசை எண், எல்லாம் வெள்ளைப் பெயின்டில் பளிச்சென்று இருக்கின்றன. ஒரு நாற்காலி காணாமல் போனால் எவன் சம்பளத்திலாவது பிடித்துவிடுவார்கள். ஓர் ஓவியம் காணாமல் போனால், போனது எது என்று எழுதுவதற்கே வழியில்லை.

புறப்பட்டுக் கொண்டிருந்த அதிகாரி ஒருவரிடம் முறையிட்டேன். அவர் சிரித்த முகம் மாறாமல், "படத்துக்கு ஒண்ணும் ஆகலையே சார், மறைச்சுதானே இருந்துச்சு" என்றார். உரிந்த இடத்தைக் காட்டினேன். "மாடர்ன் ஆர்ட்தானே, யாருக்குத் தெரியப்போகுது?" அருகில் நின்றவர்கள் சிரித்தார்கள். புகார்ப் புத்தகம் கேட்டேன். அது பீரோவில் இருக்கிறதாம், சாவி வைத்திருப்பவர் விடுப்பில் இருக்கிறாராம்.

இதற்குச் சொல்லப்படும் சமாதானங்கள் எனக்கும் தெரியும். நிதி இல்லை என்பார்கள். ஆணி அடிக்காமல் இருக்க என்ன நிதி வேண்டும்? ஒரு சீட்டில் பெயரைத் தட்டச்சு செய்ய எந்த ஆண்டின் பட்ஜெட் வரை காத்திருக்க வேண்டும்? ஏசி இல்லையா என்றால் இருக்கிறது, கூட்டம் நடக்கும்போது மட்டும் ஓடுகிறது. மூன்று மணி நேரம் குளிரவைத்து, மீதிப் பொழுதெல்லாம் புழுங்கவிட்டால் துணி இறுகித் தளர்ந்து, மேலே இருக்கும் வண்ணம் வெடித்துப்போகும். காகிதத்தில் வரைந்தவற்றுக்கு 50 லக்ஸ் வெளிச்சத்துக்கு மேல் கூடாது என்பது அருங்காட்சியகங்களின் பொது வழக்கம். இங்கே மைச்சித்திரங்களுக்கு நேர் எதிரே வீடியோக்காரரின் ஃபோகஸ் லைட்.

ஜனங்கள் வருவதில்லை என்பது அடுத்த சமாதானம். வந்தவர்களை வாசலில் மறித்துவிட்டு அதைச் சொல்கிறார்கள். பக்கத்துக் கேரளத்தில் 2012 டிசம்பர் 12 அன்று கொச்சி முசிறிஸ் பினாலே தொடங்கியது. இன்றைய கலையை, அதுவும் பழைய கிடங்குகளில், லட்சக்கணக்கானோர் குடும்பத்தோடு வந்து பார்த்தார்கள். அந்த ஜனங்களுக்கு மட்டும் தனிக் கண்ணா?

நவீன ஓவியம் நம் மண்ணுக்கு ஒட்டாதது என்று சொல்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதாக இல்லை. டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் கலைப்பள்ளி தொடங்கியது 1850-இல். கோட்டைக்குப் போகும் வழியில் மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலையை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி அந்தப் பள்ளிக்குத் தலைமை வகித்தவர். பிற்பாடு அங்கே முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், 1966-இல் சக கலைஞர்களையும் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரை மணலில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தார். பாத்திக் துணி வரைந்து விற்ற காசில் நிலம் வாங்கினார்கள். அரசாங்கத்திடம் கையேந்தி நிற்கவில்லை. தனபால், ஜானகிராம், சந்தானராஜ், ஆதிமூலம் என்று அந்தத் தலைமுறைகளின் பெயர்களை அடுக்கினால் பெருமையாகத்தான் இருக்கிறது. அந்தப் பரம்பரையின் கைவேலையைத்தான் பேனர் கட்டும் கம்பமாக்கியிருக்கிறோம்.

வயிற்றெரிச்சல் இன்னொன்று. பழம்பொருள்களை அறிவியல் முறையில் காப்பதில் இந்த மாநிலம் நாட்டுக்கே முன்னோடி. எழும்பூர் அருங்காட்சியகத்தில் அதற்கென வேதியியல் ஆய்வகம் 1930-லேயே வந்துவிட்டது. களிம்பேறிய செப்புத் திருமேனிகளை அங்கே காப்பாற்றினார்கள். அப்படிப்பட்ட மாநிலத்தில் இன்று செப்புச் சிற்பத்தின் கையில் நைலான் கயிறு! தேசிய நவீனக் கலைக்கூடம் டெல்லியில் உண்டு, மும்பையில் உண்டு, 2009 முதல் பெங்களூரிலும் உண்டு, சென்னைக்கு இல்லை என்று மேடைதோறும் குறைப்படுகிறோம். வந்தால் மட்டும் என்ன செய்துவிடப் போகிறோம்? கல்யாண மண்டபத்துக்கு வாடகை மிச்சம்.

ஐயா, நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. அந்த ஆணியை நாளைக்கே பிடுங்க வேண்டும். கலைக்கூடத்தின் காட்சி அறையில் எந்தத் துறையின் கூட்டமும், யாருடைய பிறந்தநாளும் நடக்கக் கூடாது என்று எழுத்தில் உத்தரவு வேண்டும். ஒவ்வொரு படைப்பின் பெயர், படைத்தவர், ஆண்டு, அளவு, இன்றைய நிலை ஆகியவற்றை நிழற்படத்தோடு பட்டியலிட்டு மக்கள் பார்க்க வைக்க வேண்டும். அதைத் தயாரிக்க ஆளில்லை என்றால் ஓவியக் கல்லூரிப் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள், டீயும் பஸ் சார்ஜும் கொடுத்தால் செய்துவிட்டுப் போவார்கள்.

உரிந்த ஓவியம் குறித்து மாவட்ட நிர்வாகத்துக்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்பியிருக்கிறேன். கூடத்திலுள்ள படைப்புகளின் இருப்புப் பதிவேட்டு நகல் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுவும் போட்டிருக்கிறேன். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். வந்தாலும் வராவிட்டாலும் உங்களுக்கு எழுதுகிறேன், தயவுசெய்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தணிக்கையாளர் ஒருவர்