மருந்துக்குச் சோதனைக்கூடம் நம் உடம்பா?

தோட்டத்துப் பெண்கள் முதுகில் பம்பைச் சுமந்து புல் மருந்து அடித்தார்களே, அந்த மருந்து மனிதனை என்ன செய்யும் என்று யாரைக் கொண்டு சோதித்தார்கள்? எலியைக் கொண்டு! எலி சொல்லாமல் விட்டதை நம் பெண்களின் மூக்கில் வடிந்த இரத்தமும் கழன்ற நகமும் சொல்லின. பாராகுவாட்டைத் தடை செய்வதாக அரசாங்கம் 2002-இல் அறிவித்தது. 2006-இல் அந்தத் தடையை விலக்கிக்கொண்டது. 2020 ஜனவரி முதல் தேதியில்தான் மீண்டும் தடை வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளுக்கு யார் கணக்குக் கொடுப்பது?

இன்று வேறு வழி உண்டு. மனிதத் தோலின் உயிரணுவை, எந்த உறுப்பின் அணுவாகவும் வளரக்கூடிய மூல அணுவாக மாற்றலாம் என்று ஜப்பானிய விஞ்ஞானி யாமனாக்கா 2007-இல் காட்டினார். அதிலிருந்து மூளை நரம்பணுவை வளர்த்து, தட்டில் வைத்து, மருந்தை அதன்மேல் விட்டுப் பார்க்கலாம். சாவது அணு, ஆள் அல்ல.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இதைச் செய்தார்கள். 288 மருந்துகளை ஆராய்ந்ததில், 53 மருந்துகளுக்கும் பார்க்கின்சன் என்னும் நடுக்கு நோய்க்கும் தொடர்பு தெரிந்தது. தொடர்புள்ளவற்றை நரம்பணுக்களின் மேல் விட்டுப் பார்த்தபோது 10 மருந்துகள் அவற்றை நேரே தாக்கின. பாராகுவாட்டின் பங்காளியான டைகுவாட் அவற்றில் ஒன்று. 2023-இல் முடிவு வெளியாயிற்று.

கிராணிமார்களே, இதைக் கவனியுங்கள். அந்த 288-ஐ அவர்கள் எப்படி ஆராய்ந்தார்கள்? எந்த நிலத்தில், எந்த நாளில், எந்த மருந்து, எவ்வளவு என்று 1974 முதல் அங்கே பதிவு இருக்கிறது. ஏடு வழி காட்டியது. அணு சாட்சி சொன்னது. நம் தோட்டங்களிலோ மருந்து வாங்கிய கணக்கு இருக்கும். அதை அடித்தவள் பெயர் இருக்குமா?

தட்டில் உள்ள அணு வெயிலில் வேர்ப்பதில்லை. நனைந்த சட்டையோடு இருபது வருஷம் உழைப்பதுமில்லை. ஆகவே, "தட்டில் தப்பியது, இனிப் பயமில்லை" என்று எந்த முதலாளியாவது சொன்னால் நம்பாதீர்கள். தட்டில் செத்தது என்றால் மட்டும் உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

புஞ்சாக் ஆலாமிலேயே மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் மருந்தியல் பீடம் இருக்கிறது. தோட்டத்து மருந்துகளை மனித அணுவில் சோதிக்கும்படி அதனிடம் நம் சங்கம் கேட்கட்டும். பூச்சிக்கொல்லி வாரியம் ஒரு மருந்தைப் பதியுமுன் அந்த முடிவைப் பார்க்கட்டும். அதுவரை ஒவ்வொரு பிரட்டிலும் மருந்தின் பெயரும் அடித்தவர் பெயரும் ஏட்டில் ஏறட்டும். இன்று பம்பு சுமப்பவர்களில் வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் உண்டு. அவர்கள் பெயரையும் விட்டுவிடாதீர்கள்.