அவசரம் வேறு, விரைவு வேறு

மாலை ஐந்தரை மணி. ஓர் அலுவலகத்தில் இளம் ஊழியர் ஒருவர் கணினியின்முன் அமர்ந்திருக்கிறார். ஆறு மணிக்குள் அவர் அறிக்கை ஒன்றை அனுப்பியாக வேண்டும். திறன்பேசி இடைவிடாமல் ஒலிக்கிறது. பக்கத்து இருக்கைக்காரர் ஏதோ கேட்கிறார். எப்படியோ எழுதி முடித்து, சரிபார்க்காமலேயே ஆறு மணிக்கு அனுப்பிவிட்டு அவர் பெருமூச்சு விடுகிறார். தாம் இணைத்து அனுப்பியது பழைய கோப்பு என்பது மறுநாள் காலையில்தான் அவருக்குத் தெரியவருகிறது. மன்னிப்புக் கேட்டு, விளக்கம் சொல்லி, திருத்தி அனுப்புவதற்குள் பாதி நாள் போய்விடுகிறது. ஐந்து நிமிடத்தை மிச்சப்படுத்தப் போய், அதற்கு வட்டியாக மூன்று மணி நேரத்தைக் கட்டினார் அவர்.

இப்படிப்பட்டவரைச் சோம்பேறி என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும், இவருக்குக் கிடைக்கும் அறிவுரைகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. அதிகாலையில் எழ வேண்டும், அட்டவணை போட வேண்டும், இன்னும் வேகமாக வேலை செய்யப் பழக வேண்டும் என்பார்கள். இவை தவறானவையல்ல. ஆனால், வேலையிடத்தில் நேர நெருக்கடி வருவதற்கு வேகக் குறைவே காரணம் என்று இவை எண்ண வைக்கின்றன. உண்மையில், நெருக்கடி அந்த ஐந்தரை மணிக்குத் தொடங்கவில்லை. அதற்கு வெகுநேரம் முன்பே, சில வேளைகளில் சில நாள்களுக்கு முன்பே, அது தொடங்கிவிடுகிறது. அதைத் தீர்க்க வேண்டிய இடமும் அங்கேதான் இருக்கிறது.

இதை உணவங்காடி நிலையத்தில் கண்கூடாகப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பரோட்டாக் கடைமுன் வரிசை நீண்டு நிற்கும். முட்டை பரோட்டா, வெங்காயப் பரோட்டா, சாதா பரோட்டா என்று ஆளுக்கு ஒன்று கேட்பார்கள். கடைக்காரரோ பதற்றமில்லாமல் மாவை வீசி, மடித்து, கல்லில் போட்டு, திருப்பிக்கொண்டிருப்பார். அவருடைய கைவேகத்தைப் பார்த்து வியப்பவர்கள், அந்த வேகத்துக்குப் பின்னால் இருக்கும் வேலையைப் பார்ப்பதில்லை. மாவைப் பிசைந்து, உருண்டை பிடித்து, எண்ணெய் தடவி அடுக்கும் வேலையெல்லாம் முதல் வாடிக்கையாளர் வருவதற்கு முன்பே முடிந்திருக்கும். பிசைந்த மாவு உடனே வீசுவதற்கு வராது. இழுத்தால் சுருங்கும், இன்னும் இழுத்தால் கிழியும். சில மணி நேரம் ஊறிய பிறகுதான் இளகிக் கொடுக்கும். அந்த நேரத்தை எவ்வளவு கைதேர்ந்தவராலும் சுருக்க முடியாது. மாவை ஊற வைக்காமல் கடையைத் திறந்தவருக்கு, வரிசை நீண்டபின் எந்த வேகமும் கைகொடுக்காது.

அலுவலக வேலையிலும் ஊற வேண்டிய பகுதிகள் உண்டு. தகவல் திரட்டுவது, மற்றவரிடம் விளக்கம் கேட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது, எழுதியதை ஒருநாள் கழித்துப் படித்துப் பார்ப்பது ஆகியவை அத்தகையவை. கடைசி நாளில் இவற்றைச் செய்ய வழியில்லை. பள்ளி ஒப்படைப்பைக் கடைசி இரவில் தொடங்கிய மாணவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது.

சரிபார்ப்பதற்கு நேரமில்லை என்பது இன்னொரு வழக்கமான பேச்சு. 1935ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் தேதி, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் போயிங் நிறுவனத்தின் புதிய குண்டுவீச்சு விமானம் ஒன்று சோதனைப் பறப்பின்போது, மேலெழும்பிய சற்று நேரத்திலேயே விழுந்து நொறுங்கியது. இருவர் உயிரிழந்தனர். இயந்திரங்களில் பழுது எதுவும் இல்லை. விமானம் தரையில் நிற்கும்போது அதன் கட்டுப்பாட்டுப் பாகங்கள் காற்றில் ஆடாமலிருக்கப் போடப்படும் பூட்டை எடுக்க மறந்துவிட்டிருந்தார்கள். விமானத்தை ஓட்டியவர் நீண்ட அனுபவமுடையவர். கவனிக்க வேண்டியவை ஒருவரின் நினைவாற்றலை மிஞ்சிவிட்டன என்பதே சிக்கல். அதற்குப் பின்னர், விமானிகள் புறப்படும் முன் ஒவ்வொன்றாகப் பார்த்து உறுதிசெய்ய ஒரு சரிபார்ப்புப் பட்டியல் உருவானது. இன்றும் விமானிகள் அந்த வழக்கத்தைக் கைவிடவில்லை.

மருத்துவத்துறை இதைப் பின்னர்தான் கற்றுக்கொண்டது. 2008இல் உலகச் சுகாதார நிறுவனம் அறுவை சிகிச்சைக்கான சரிபார்ப்புப் பட்டியலை அறிமுகப்படுத்தியது. நோயாளியின் பெயர் சரியா, அறுவை செய்ய வேண்டிய இடம் சரியா, அவருக்கு ஒவ்வாமை உண்டா போன்ற எளிய கேள்விகளே அதில் இருந்தன. எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அது பயன்படுத்தப்பட்டபோது, அறுவை சிகிச்சைக்குப் பிந்திய இறப்பு விகிதம் 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காடாகக் குறைந்தது என 2009இல் வெளிவந்த ஆய்வு கூறியது. ஓரிரு நிமிட நிதானம் உயிர்களைக் காத்திருக்கிறது. (படிக்காமலேயே குறியிட்டுத் தள்ளினால் எந்தப் பட்டியலும் வெறும் தாள்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும்.)

ஆனால், எவ்வளவு திட்டமிட்டாலும் தீராத நெருக்கடியும் உண்டு. ஒருவர் செய்யக்கூடிய வேலை இவ்வளவுதான் என்ற எல்லை மீறப்படும்போது அது வருகிறது. திருக்குறளில் ‘காலமறிதல்’ என்னும் அதிகாரத்துக்கு முன்னால் ‘வலியறிதல்’ வைக்கப்பட்டிருப்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. மென்மையான மயிலிறகே ஆனாலும், அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்ற கருத்து அந்த அதிகாரத்தில்தான் வருகிறது. புதிதாக வேலையில் சேர்ந்தவர்கள் எதைக் கொடுத்தாலும் “சரி” என்று வாங்கிக்கொள்கிறார்கள். பெரியவர்களிடம் மறுத்துப் பேசக்கூடாது என்று வளர்க்கப்பட்ட பிள்ளைகளுக்கு, மேலாளரிடம் “இயலாது” என்பது மரியாதைக் குறைவாகத் தோன்றுகிறது. அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால், கடைசி நிமிடம்வரை வாய்திறக்காமல் இருந்துவிட்டு, முடியாத வேலையைக் கொண்டுபோய் நிறுத்துவதே மேலாளருக்கு அதிகத் தொல்லை தரும். “இரண்டையும் இன்றே முடிக்க முடியாது போலிருக்கிறது. எது முதலில் வேண்டும்?” என்று காலையிலேயே கேட்டுவிட்டால், முடிவெடுக்க அவருக்கும் நேரம் கிடைக்கும். இதில் பணிவும் குறையவில்லை, வேலையும் கெடவில்லை.

சுமையின் பொறுப்பு முழுவதையும் ஊழியர்மீதே போடுவதும் நியாயமாகாது. சிங்கப்பூரின் வேலை நியமனச் சட்டத்தில் வேலைநேரம் பற்றிய பகுதிக்கு உட்பட்ட ஊழியர்களுக்கு, வழக்கமான வேலைநேரம் பொதுவாக வாரத்துக்கு 44 மணி நேரம்தான். மிகைநேர வேலை மாதத்துக்கு 72 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. 2024 டிசம்பர் முதல் தேதியிலிருந்து, நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டை முறைப்படி கேட்கும் ஊழியருக்கு முதலாளி இரண்டு மாதத்துக்குள் எழுத்து மூலம் பதிலளிக்க வேண்டும். மறுத்தால் அதற்குக் காரணம் சொல்ல வேண்டும். வயதான பெற்றோரையோ குழந்தையையோ கவனித்துக்கொண்டு வேலைக்கு வருபவருக்கு, “அட்டவணை போடுங்கள்” என்ற அறிவுரையைவிட இந்த விதிமுறை அதிகம் உதவும்.

ஒரு நாளின் நெருக்கடியைவிட இளையர்களை அதிகம் வாட்டுவது இன்னொன்று. உடன் படித்தவர்கள் முந்திவிட்டார்கள், தமக்குக் காலம் கடந்துவிட்டது என்ற அச்சம்தான் அது. தேர்வில் ஒருமுறை சறுக்கியவருக்கும், குடும்பச் சூழலால் படிப்பை நிறுத்தியவருக்கும் இது பெரிய தடையாகிவிடுகிறது. 2024 மே மாதம் முதல், 40 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூரர்கள் புதிய திறன்களைக் கற்க, ஸ்கில்ஸ்ஃபியூச்சர் திட்டத்தின்கீழ் கூடுதலாக 4,000 வெள்ளி வழங்கப்படுகிறது. நாற்பதுக்குப் பிறகும் ஒருவர் புதிதாகத் தொடங்கலாம் என்று நாடே நம்பும்போது, பதினெட்டு வயதில் ஒருவர் தம் கதை முடிந்துவிட்டதாக நினைப்பது விந்தைதான்.

எஸ். ஆர். நாதன் 1924இல் பிறந்தவர். பள்ளிப் படிப்பு தடைப்பட்டு, இளம்வயதிலேயே வீட்டைவிட்டு வெளியேறி வேலைக்குச் சென்றார். வேலை பார்த்துக்கொண்டே, அஞ்சல்வழியில் பாடங்களைப் பெற்றுத் தாமாகவே படித்து உயர்நிலைக் கல்வியை முடித்தார். அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் அவர் சமூகவியல் பட்டயம் பெற்றது 1954இல். அவருடைய வயதினர் பலர் அதற்குள் வேலையில் நன்றாகக் காலூன்றியிருப்பார்கள். நாதனோ அதற்கு அடுத்த ஆண்டுதான் மருத்துவச் சமூக சேவகராக அரசாங்கப் பணியில் அடியெடுத்து வைத்தார். 1999இல் அவர் சிங்கப்பூரின் ஆறாவது அதிபராகப் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 75.