ரோமியோ ஜூலியட்: பசங்க பாக்கலாமா?

பத்தாவது படிக்கிற பசங்களுக்கு 1968ல செஃபிரெல்லி எடுத்த ‘ரோமியோ ஜூலியட்’ படத்தைக் காட்டலாமான்னு எங்க அஸ்தம்பட்டியில ஒரு பஞ்சாயத்து. "முத்தக் காட்சி இருக்கு, கெட்டுப் போயிடுவாங்க" என்கிறார்கள் பெரியவர்கள். அட போங்கய்யா! ஷேக்ஸ்பியரோட ஜூலியட்டுக்கே இன்னும் பதினாலு முடியல. 1937லயே நம்ம சேலம் சங்கர் பிலிம்ஸ் ‘அம்பிகாபதி’க்கு டங்கன் அந்த நாடகத்துலேர்ந்து காதல் காட்சியை எடுத்தாண்டாச்சு (ஹீரோ பாகவதர்!).

படுக்கையறைக் காட்சியை வேணா ஓட்டி விடுங்க. அதுல நடிச்சவங்களே பின்னாடி வழக்குப் போட்டாங்க. எனக்கு உதைக்கிறது கிளைமாக்ஸ்தான். சாவை அவ்ளோ அழகா காட்டுறாங்க, அதைப் பசங்ககிட்ட உக்காந்து பேசியே ஆகணும்.

ஆனா அவங்களைக் கொன்னது முத்தமா, வீட்டுப் பகையா? 2015ல வேற சாதிப் பொண்ணோட பேசின ஓமலூர்ப் பையனைக் கொன்னு, பள்ளிபாளையம் பக்கம் தண்டவாளத்துல போட்டாங்களே, அது எந்தப் படம் பாத்து? பெத்தவங்களுக்கும் ஒரு ஷோ போடுங்க சார்.