மதிலோரப் பாத்தியும் இரவல் வசந்தமும்

மாசி பிறந்ததும் ஹைதராபாத் நர்சரிகளில் கூட்டம் கூடத் தொடங்குகிறது. சைனிக்புரி, மாரேட்பள்ளி, தார்நாகா போன்ற பகுதிகளில் சுற்றுமதிலும் சிறு முற்றமும் உள்ள வீடுகள் இன்னும் எஞ்சியிருக்கின்றன. அங்கே பனிக்காலம் முழுவதும் பூத்து ஓய்ந்த பெட்டூனியாவையும் டயாந்தஸையும் பிடுங்கி எறிந்துவிட்டு, மதிலோரப் பூம்பாத்தியை முற்றிலும் புதிதாக அடுக்கும் வேலை நடைபெறுகிறது. உயரமானவை மதிலை ஒட்டி, குட்டையானவை முன்வரிசையில், இடையில் நிறங்கள் படிப்படியாக மாறும் ஒழுங்கு. வசந்தம் வந்துவிட்டது, பாத்தியை மாற்றியமைக்க இதுவே தருணம் என்று காணொளிகளும் ஊக்குகின்றன. வைகாசி முடிவதற்குள் நட்டவற்றில் பெரும்பகுதி காய்ந்துவிடுகிறது. பழி வழக்கம்போல் கைராசியின்மீது விழுகிறது: அந்த வீட்டம்மாவின் கைக்குச் செடி வராதாம். கையில் ஒரு குறையும் இல்லை. பிழை நாட்காட்டியில் இருக்கிறது.

அந்த நாட்காட்டி எங்கிருந்து வந்தது என்பதை அறிவது கடினமன்று. வில்லியம் ராபின்சன் 1883இல் வெளியிட்ட ஆங்கிலப் பூந்தோட்டம் பற்றிய நூலும், கெர்ட்ரூட் ஜெக்கில் 1908இல் தோட்டத்தில் வண்ணங்களின் அமைப்பைக் குறித்து எழுதிய நூலும் மதிலோரப் பாத்தியை ஒரு கலைவடிவமாகவே நிலைநிறுத்தின. அவ்வடிவத்தின் உயிர் பல்லாண்டுச் செடிகளில் இருந்தது. பனியில் தண்டு மடிந்து மண்ணுக்குள் உறங்கும் வேர்க்கட்டையை, மண் வெதுவெதுக்கத் தொடங்கும் மார்ச்சில் தோண்டிப் பிரித்து நட்டால், அதற்கு முன்னால் மென்மையான வெயிலும் அவ்வப்போது மழையுமாகச் சில மாதங்கள் காத்திருக்கின்றன. அங்கே அது முற்றிலும் சரியான அறிவுரை. (ஜெக்கிலின் நூல் வந்த அதே 1908இன் செப்டம்பரில்தான் மூசி நதி பெருக்கெடுத்து ஹைதராபாத்தைச் சிதைத்தது, அதன் விளைவாக 1920இல் உஸ்மான் சாகரும் 1927இல் ஹிமாயத் சாகரும் எழுந்தன. இது தற்செயல் ஒற்றுமை மட்டுமே. எனினும் இந்நகரில் பூம்பாத்தியைப் பற்றிப் பேசுவோர் நீரையும் உடன் நினைப்பது நன்று.)

வியப்புக்குரிய செய்தி வேறொன்று. இந்தியச் சமவெளிகளின் கண்டோன்மெண்டு பங்களாக்களில் தோட்டம் போட்ட ஆங்கிலேயர்கள்கூட இந்த மார்ச் விதியைப் பின்பற்றவில்லை. அவர்கள் தம் ஊரின் கோடைப்பூக்களை இங்கே மழை ஓய்ந்தபின் விதைத்து, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பூக்கவைத்தார்கள். நாட்டைப் பிடித்தவர்களே நாட்காட்டியை மாற்றிக்கொண்டார்கள். அவர்கள் கைவிட்டதை இன்றைய காணொளிகள் திரும்பக் கொண்டுவருகின்றன.

இக்குழப்பத்தில் மொழிக்கும் பங்குண்டு. ஆங்கிலத்தின் 'ஸ்பிரிங்' என்னும் சொல் முளைத்தெழுதலைக் குறிப்பது. அதைப் பாடநூல்கள் வசந்தம் என்றும் இளவேனில் என்றும் பெயர்க்கின்றன. ஆனால் வேனில் என்பதன் வேர் 'வே', வேதல், எரிதல். தெலுங்கில் கோடையைக் குறிக்கும் வேசவியும் அவ்வேரில் கிளைத்ததே. இளவேனில் என்றால் இளைய வெம்மை. முளைப்பின் பருவமன்று, எரிப்பின் தொடக்கம். அதுவும் சித்திரை, வைகாசிக்கு உரியது. நர்சரிக்குக் கூட்டம் செல்லும் மாசியும் பங்குனியும் தமிழ்க் கணக்கில் பின்பனிக்காலம். ஒரு சொல்லை அகராதியில் இணையாக்கிவிடலாம். அதனுடன் இங்கிலாந்தின் மழை வந்துவிடுவதில்லை.

தக்காணத்தில் வசந்தம் இல்லையா என்றால், உண்டு. அது மரங்களுக்கு உரியது. இலையுதிர்த்த புரசு மாசியில் செந்தழலாக நிற்கிறது. தெலுங்கர் மோதுகு என்பர், ஹோலிச் சாயத்துக்கும் அதன் பூவே மூலம். இலவம் பூக்கிறது. வேம்பு துளிர்த்துப் பூத்து உகாதிப் பச்சடிக்கு வந்து சேர்கிறது. இவையெல்லாம் ஆழமாக வேரோடியவை. மேல்மண்ணில் ஒரு சாண் ஆழத்தில் வேர் பரப்பும் பாத்திச் செடிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 540 மீட்டர் உயரத்தில், கருங்கல் பாறைமேல் மெல்லிய செம்மண் போர்த்திய இம்மேட்டுநிலத்தில் ஆண்டுக்குப் பெய்யும் சுமார் 800 மில்லிமீட்டர் மழையின் பெரும்பங்கு ஜூன் முதல் அக்டோபர் வரை விழுந்துவிடுகிறது. மார்ச்சில் காற்று உலர்ந்து, ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தொடுகிறது.

ஒரு செடியைப் பெயர்க்கும்போது நீரை உறிஞ்சும் நுண்வேர்களே முதலில் அறுபடுகின்றன. இலைகளோ முன்போலவே நீரை ஆவியாக்குகின்றன. வரவு குறைந்து செலவு குறையாத குடும்பம் அது. ஈரக்காற்றில் சில வாரங்கள் தாக்குப்பிடித்து புதுவேர் விட்டுவிடலாம்; மார்ச்சு மாத ஹைதராபாத்தில் அந்த அவகாசம் இல்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. இங்குள்ள நர்சரிகளுக்குப் பெருமளவில் செடிகள் வருவது ராஜமகேந்திரவரத்தை அடுத்த கடியத்திலிருந்து. கோதாவரிக் கழிமுகத்தின் ஈரத்தில் வளர்ந்து, களிமண் உருண்டையோடு லாரி ஏறி வருகின்றன. அவ்வுருண்டையைச் செம்மண்ணில் அப்படியே புதைத்தால், சுற்றியுள்ள மண் நீரைக் குடித்துவிடும். காய்ந்து இறுகிய களி குடிக்காது. பாத்தி நனைந்திருக்கும், செடி வாடியிருக்கும். இதைக் கண்ட வீட்டார் மேலும் நீர் ஊற்றுவர். அக்கோடையிலேயே அதே தெருவில் டேங்கர் லாரிக்கு ஆட்கள் காத்திருப்பர். இங்குதான் இது வெறும் அழகியல் விவாதமாக இராமல் போகிறது.

மாசியில் மண்ணையே தொடக்கூடாது என்பதல்ல வாதம். விதை வேறு, பெயர்ப்பு வேறு. ஜின்னியா, வாடாமல்லி, டேபிள் ரோஸ், சூரியகாந்தி ஆகியவற்றை இப்போது விதைக்கலாம். முளைத்த இடத்திலேயே வேரூன்றுவதால் வெயிலைத் தாங்கும். பூத்து முடிந்த சாமந்தியை வெட்டிவிட்டு, அடியில் கிளைக்கும் பக்கக்கன்றுகளைப் பிரித்துத் தொட்டியில், நிழலில், மழை வரும்வரை வைத்துக்காக்கலாம். ஆனால் குண்டுமல்லியின் வேரை இப்போது கிளறுவது பெரும்பிழை. அதன் பூக்காலமே மார்ச்சில்தான் தொடங்குகிறது. கோடை மாலைகளின் ஒரே ஆறுதலை நிறவரிசைக்காகப் பறிகொடுக்க வேண்டியதில்லை. செம்பருத்தி, நந்தியாவட்டை, வெட்சி, கல்வாழை ஆகியவற்றின் இடமாற்றம் காத்திருக்கட்டும்.

எதுவரை? அதற்கும் இந்நிலத்தில் கணக்குண்டு. தெலுங்கு உழவர்கள் ஞாயிறு ஒவ்வொரு நட்சத்திரத்திலும் தங்கும் ஏறத்தாழ பதினான்கு நாளைக் கார்த்தி என வகுத்திருக்கிறார்கள். மே இறுதியின் ரோகிணி கார்த்தியில் உரல்களே வெடிக்கும் என்பது வழக்கு. அதையடுத்து ஜூன் 7 அல்லது 8 அளவில் மிருகசிர கார்த்தி நுழைகிறது. நாம்பள்ளிக் கண்காட்சித் திடலில் மீன் பிரசாதத்துக்கு மக்கள் திரளும் நாள் என்றால் நகரத்தார்க்கு உடனே விளங்கும். முதல் மழை மண்ணில் இறங்கியபின் நட்ட பாத்தி அதற்குப்பின் நான்கு மாதம் வானத்தின் செலவில் வளர்கிறது. அப்போது நட்ட துலுக்கச் சாமந்தி பதுகம்மாவுக்கும் தசராவுக்கும் பூத்து நிற்கும். ஆவாரையும் குனுகும் துலுக்கச் சாமந்தியும் அடுக்கிப் பெண்கள் எழுப்பும் அப்பூக்கோபுரம், இம்மண்ணின் பூப்பருவம் மழையின் முடிவில் வருகிறது என்பதை ஆண்டுதோறும் தெருவில் வைத்துக் காட்டுகிறது. தோட்டக்கலைக் காணொளிகள் அதைப் பண்பாட்டுச் செய்தியாக மட்டுமே பார்க்கின்றன.

மாசி, பங்குனியில் செய்யத்தக்க வேலை ஒன்று இருக்கிறது; அதைச் செய்வோர்தாம் குறைவு. அரசும் வேம்பும் உதிர்க்கும் சருகு இப்போதுதான் மலையாகக் குவிகிறது. பல தெருக்களில் அதைக் கூட்டிக் கொளுத்திவிடுகிறார்கள். அச்சருகை நான்கு விரல் கனத்துக்குப் பாத்தியில் பரப்பினால் ஈரம் தங்கும், வேர் வேகாது, மழைக்குள் பாதி மக்கிவிடும். நிறங்கள் மறந்துபோகுமுன், எந்தச் செடி எங்கே இருந்தது, எது எதை மறைத்தது, எதற்குப் பக்கத்தில் எது பொருந்தவில்லை என்று ஒரு தாளில் வரைந்து, இடம் மாற வேண்டியவற்றின் அடியில் குச்சி நட்டுப் பெயர் எழுதி வைக்கலாம். மண்வெட்டியை ஜூனில் எடுத்தால் போதும்.