மாமாவின் பென்ஸும் கரிசக்காட்டுக் குத்தகையும்

போன மாசம் மாமா வீட்டுக்கு வந்தார். அம்மா குடுத்த காபியை வாங்கிக்கிட்டு, உக்காரக்கூட இல்ல, நேரா என்கிட்ட வந்து கேட்டார்.

"ஏல மாப்ள, நீ பி.காம்தான படிக்க? பென்ஸு காரெல்லாம் லீஸுக்கு எடுக்கலாங்கானே. இருபது லட்சத்தக் கட்டி அஞ்சு வருசம் ஓட்டிட்டு, வண்டிய விட்டுட்டு ரூவாயத் திருப்பி வாங்கிக்கிடலாம்லா?"

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. ஆனா யோசிச்சுப் பாத்தா அவர் கேட்டதுல தப்பே இல்ல. நம்ம பக்கம் லீஸுன்னா அதானே அர்த்தம்? வீட்டை ஒத்திக்கு எடுத்தா மொத்தமா ஒரு தொகை குடுக்கிறோம், மாச வாடகை கிடையாது, காலி பண்ணும்போது குடுத்த பணம் அப்படியே திரும்ப வரும். கார் கம்பெனிக்காரன் சொல்ற லீஸ் ஒத்தி இல்ல, குத்தகை. வாரத்துக்கு விட்ட நிலம்னா விளைஞ்சதுல பங்கு. குத்தகைன்னா மழை பெஞ்சாலும் பெய்யாட்டாலும் பேசினதை அளந்தே ஆகணும். கடைசியில நிலமும் நம்மளது இல்ல. அதே கதைதான், நாலு சக்கரத்துல.

இதைச் சொன்னதும் மாமா முகம் வாடிருச்சு. "அப்ப சொந்தமா வாங்கினாத்தான் சரி"ன்னார். அங்கதான் எனக்கும் அவருக்கும் சண்டை ஆரம்பிச்சுது. அந்தச் சண்டைதான் இந்தப் பதிவு.

(டிஸ்கி: நான் ஆடிட்டர் இல்ல, மூணாம் வருஷ மாணவன். கீழே வர்ற கார் விலை, வட்டி, விக்கிற விலை எல்லாம் நானும் மாமாவும் உக்காந்து உத்தேசமா வச்சுக்கிட்டது. வரி வீதங்கள் மட்டும் நிஜம்.)

மாமாவைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். எங்க ஊர் புதியம்புத்தூர் ரெடிமேட் ஊர்னு இந்தப் பக்கம் இருக்கிறவங்களுக்குத் தெரியும். தெருவுக்குத் தெரு மெஷின் சத்தம். மாமாகிட்ட நாப்பது மெஷின் ஓடுது. பள்ளிக்கூட யூனிஃபார்ம், நைட்டி, சின்னப் பிள்ளைக உடுப்பு. சித்திரை வைகாசியில யூனிஃபார்ம், ஆவணி புரட்டாசியில தீபாவளிச் சரக்கு, அப்புறம் பொங்கல். நடுவுல உள்ள மாசங்கள்ல மெஷின் பாதி சும்மா கிடக்கும். பணம் வர்றது சீசனுக்கு, கூலி குடுக்கிறது சனிக்கிழமை தோறும். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னால வேணும்.

அவருக்கு ஆசை எப்படி வந்துச்சுன்னா, 2025 செப்டம்பர் 22-ல ஜிஎஸ்டி மாறிச்சுல்ல, பெரிய கார்களுக்கு 28 சதவீதமும் அது மேல செஸ்ஸும்னு 48, 50 வரைக்கும் போயிட்டு இருந்தது ஒரே 40 சதவீதமா ஆயிருச்சு. "விலை குறைஞ்சிருக்கு மாப்ள"ன்னு அதையே பிடிச்சுக்கிட்டார். போதாக்குறைக்கு 2025 ஆகஸ்ட்ல நம்ம ஊருப் பக்கத்துல சில்லாநத்தம் சிப்காட்லயே வின்ஃபாஸ்ட் கார் தொழிற்சாலை திறந்துட்டாங்க. கார் கம்பெனியே வீட்டு வாசலுக்கு வந்தப்புறம் நாம மட்டும் பழைய இன்னோவாவுலயே போறதாங்கறது அவர் நியாயம்.

சரி, நோட்டை எடுத்தோம். ஷோரூம் விலை 60 லட்சம்னு வச்சோம். இதுக்குள்ளயே 40 சதவீத ஜிஎஸ்டி இருக்கு. பிரிச்சுப் பாத்தா வண்டி 43 லட்சம், வரி 17 லட்சம். அடுத்தது ரோடு டாக்ஸ். தமிழ்நாட்டுல 2023 நவம்பர்ல இருந்து 20 லட்சத்துக்கு மேல உள்ள காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம் (அதுக்கு முன்ன 15 தான்). அது ஒரு 12 லட்சம். ஆக 43 லட்ச ரூபாய் வண்டிக்கு 29 லட்சம் வரி! மாமா நோட்டை என் கையில இருந்து பிடுங்கி ரெண்டு தடவை கூட்டிப் பாத்தார்.

இன்சூரன்ஸ் 2 லட்சம் சேத்தா ரோட்டுக்கு வரும்போது 74 லட்சம். 24 லட்சம் கைக்காசு, 50 லட்சம் லோன். 9 சதவீத வட்டி, அஞ்சு வருஷம்னா மாசத் தவணை 1,03,800 ரூபாய் பக்கம் வருது. அஞ்சு வருஷத்துல பேங்குக்குக் கட்டுறது 62.3 லட்சம். பின்வருஷ இன்சூரன்ஸ் 6 லட்சம், சர்வீஸ் டயர் எல்லாம் 7.5 லட்சம். (சர்வீஸுக்கு மதுரைக்குப் போகணும். ஒரு நாள் போச்சு. அதை நான் கணக்குல சேக்கல.) மொத்தம் 99.8 லட்சம். அஞ்சு வருஷம் கழிச்சு 24 லட்சத்துக்கு வித்தார்னு வச்சா, நிகரச் செலவு 75.8 லட்சம். மாசத்துக்கு 1 லட்சத்து 26 ஆயிரம். டீசல், டிரைவர் சம்பளம் தனி.

லீஸுக்கு மாசம் 1.65 லட்சம்னு வச்சோம். இன்சூரன்ஸ், சர்வீஸ் உள்ளடக்கம். இவ்வளவு கூடுதலா ஏன்னா, காருக்கு என்ன ஜிஎஸ்டி வீதமோ அதே வீதம் மாச வாடகைக்கும் உண்டு. அஞ்சு வருஷத்துல 99 லட்சம். கடைசியில கையில சாவிகூட இருக்காது. இது போக வருஷத்துக்கு இத்தனை கிலோமீட்டர்தான்னு ஒரு வரம்பு, தாண்டினா கிலோமீட்டருக்கு இவ்வளவு. பாதியில விட்டா அபராதம். சரக்கு போட மாமா கேரளா வரைக்கும் போறவர், வரம்பெல்லாம் அவருக்குச் சரிப்படாது.

"பாத்தியா, 23 லட்சம் மிச்சம்! நான் அப்பவே சொன்னேன்லா"ன்னு மாமா மீசையைத் தடவினார்.

இருங்க மாமா. அந்த 24 லட்சம் கைக்காசு எங்க இருந்து வருது?

காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்புல வாய்ப்புச் செலவுன்னு ஒண்ணு நடத்தினப்ப நாமெல்லாம் கடைசி பெஞ்சுல என்ன பண்ணிட்டு இருந்தோம்னு எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும் :-) அது மாமா கடையிலதான் எனக்குப் புரிஞ்சுது. அவர் துணியைக் கடனுக்கு வாங்குறார், மூணு மாசத் தவணை. ரொக்கமா குடுத்தா 3 சதவீதம் தள்ளுபடி. மூணு மாசத்துக்கு 3 சதவீதம்னா வருஷத்துக்கு 12 சதவீதம், வித்து எடுக்கிற லாபம் தனி. 24 லட்சத்துக்கு வருஷம் 2.88 லட்சம், அஞ்சு வருஷத்துக்கு 14.4 லட்சம். மிச்சம்னு சொன்ன 23 லட்சத்துல பாதிக்கு மேல இங்கயே போயிருச்சு. ஒரு பவர் மெஷின் முப்பதாயிரம்னு வச்சா 24 லட்சத்துக்கு 80 மெஷின். இப்ப இருக்கிற மாதிரி ரெண்டு பங்கு. எல்லாத்தையும் மெஷினாப் போடுங்கன்னு சொல்லல, போட்டா தைக்க ஆள் கிடைக்கணுமே. ஆனா ஆனியிலயும் ஐப்பசிக் கடைசியிலயும் சனிக்கிழமைக் கூலிக்கு மாமா யார்கிட்ட வட்டிக்கு வாங்குறார்னு அத்தைக்குத் தெரியும். தவணைக்கு ஐப்பசி ஆனியெல்லாம் தெரியாது, அஞ்சாம் தேதின்னா அஞ்சாம் தேதி. அந்த மாசத்துல தவணையா கூலியான்னு வந்தா எது தள்ளிப்போகும்னு நினைக்கிறீங்க? பேங்க் காத்திருக்காது. தைக்கிற அக்காக்கள் காத்திருப்பாங்க. எனக்கு இந்தக் கார் மேல உள்ள முதல் கோபம் இதான்.

அடுத்து எல்லா ஷோரூம்லயும் சொல்ற பாட்டு, "சார், பிசினஸ் பேர்ல வாங்குங்க, வரியில கழிச்சுக்கலாம்". காருக்கு வருஷம் 15 சதவீதம் தேய்மானம் உண்டு, உண்மைதான். ஒழுங்கா கணக்குப் புத்தகம் எழுதி, 30 சதவீத வரி வரம்புல இருக்கிறவருக்கு அது பிரயோஜனம். அப்பவும் நூறு ரூபா செலவழிச்சு முப்பத்தொரு ரூபா மிச்சம் பண்றதுதான். ஆனா மாமாவும் அவரை மாதிரி நிறைய பேரும் வரி கட்டுறது உத்தேச லாப முறையில, நாம பாடத்துல படிச்ச 44ஏடி. விற்பனையில ரொக்கமா வந்ததுக்கு 8 சதவீதம், பேங்க் வழியா வந்ததுக்கு 6 சதவீதம் லாபம்னு காட்டினா போதும், புத்தகம் வேண்டாம். அந்த 8 சதவீதத்துக்குள்ளயே தேய்மானமும் அடக்கம்னு சட்டமே சொல்லுது. தனியா ஒரு பைசா கழிக்க முடியாது. லீஸ் வாடகையையும் கழிக்க முடியாது. ஜிஎஸ்டி உள்ளீட்டு வரியாவது திரும்ப வருமான்னா, அதுவும் கிடையாது. 17(5) பிரிவு, சாதாரணக் காருக்கு அந்தக் கதவை மூடி வச்சிருக்கு. வாங்கினாலும் சரி, வாடகைக்கு எடுத்தாலும் சரி.

இதுல இன்னொரு வேடிக்கை இருக்கு. விற்பனை 1.8 கோடின்னா காட்டுற லாபம் 15 லட்சத்தைத் தொடாது. காரோட வருஷத் தவணை மட்டும் 12.5 லட்சம். லோன் குடுக்கிறவன் ரிட்டர்னைத்தானே கேப்பான்? அதைப் பாத்துட்டு மாமாவை ஏற இறங்கப் பாப்பான். ரொக்கமா சமாளிக்கலாம்னு நினைச்சா, 10 லட்சத்துக்கு மேல உள்ள காருக்கு 2016 ஜூன்ல இருந்து 1 சதவீதம் டிசிஎஸ் பிடிக்கிறாங்க. அந்த 60,000 ரூபா எங்கயும் போகாது, வரியில கழிஞ்சுரும். ஆனா இன்னார் இன்ன விலைக்குக் கார் வாங்கினார்னு பான் நம்பரோட வருமான வரி ஆபீஸுக்குத் தகவல் போயிரும். நிஜ லாபம் எவ்வளவுன்னு நான் மாமாகிட்ட கேக்கல. அவரும் சொல்லல. கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் ஃபேனைப் பாத்துட்டு இருந்தோம்.

அப்ப லீஸ்தான் நல்லதான்னா, சிலருக்கு நல்லதுதான். சென்னையில சம்பளக்காரங்களுக்குக் கம்பெனியே லீஸ் எடுத்துக் குடுக்கிறது வேற கணக்கு. மூணு வருஷத்துக்கு ஒரு தடவை வண்டி மாத்தியே ஆகணும்னு இருக்கிறவங்களுக்கும் லீஸ் மோசமில்ல. அவங்க எப்படியும் குத்தகைதான் கட்டுறாங்க, பேங்குக்குக் கட்டுறதால அது தெரியல. லீஸ்ல குறைஞ்சபட்சம் மாசம் இவ்வளவு போகுதுன்னு முகத்துக்கு நேரா தெரியுது. "ஆர்சியில எவன் பேரோ இருக்குமே"ன்னு மாமா கேட்டார். லோன்ல வாங்கினாலும் அதே ஆர்சியில பேங்க் பேர் இருக்கத்தான் செய்யும் மாமா.

எலக்ட்ரிக் வண்டிக்கும் லீஸுக்கு ஒரு நியாயம் இருக்கு. அதுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான், அதனால வாடகை மேல வர்ற வரிச்சுமை இல்ல. அஞ்சு வருஷம் கழிச்சு அந்த பேட்டரி என்ன விலை போகும்னு இன்னைக்கு யாருக்கும் தெரியாது. தெரியாத விலையை லீஸ் கம்பெனி தலையில கட்டலாமே. 2024 செப்டம்பர்ல எம்ஜி விண்ட்சர் வந்தப்ப வண்டி விலை தனியா, பேட்டரிக்குக் கிலோமீட்டருக்கு 3.50 ரூபா வாடகைன்னு பிரிச்சது இதே மாதிரிதான்.

பெட்ரோல், டீசல் பென்ஸுக்கு வருவோம். சொந்தமா வாங்கறது எப்ப ஜெயிக்குது? தவணை முடிஞ்ச ஆறாவது வருஷத்துல. அங்க இருந்து பத்தாவது வருஷம் வரைக்கும் இன்சூரன்ஸ் 1.2 லட்சம், ரிப்பேர் சர்வீஸ் 3 லட்சம்னு தாராளமா வச்சாலும் அஞ்சு வருஷத்துக்கு 21 லட்சம்தான். கடைசியில 8 லட்சத்துக்கு வித்தாக்கூட பத்து வருஷத்துக்கு மொத்தம் 112.8 லட்சம், மாசம் 94,000. லீஸ்னா அதே பத்து வருஷத்துக்கு 198 லட்சம். இதுக்கு மேல வாய்ப்புச் செலவு எதைச் சொன்னாலும் எடுபடாது, சொந்தம்தான்.

ஆனா பத்து வருஷம் ஓட்டுவாரா? மாமா கல்யாணம் ஆனதுல இருந்து அஞ்சு கார் மாத்தியாச்சு. ஒண்ணுகூட ஆறாவது வருஷத்தைப் பாக்கல. புது மாடல் வந்துரும், பக்கத்து யூனிட்காரர் வாங்கிருவார், முடிஞ்சது. வாரண்டி முடிஞ்சு முதல் தடவை ஒரு சென்சாருக்கோ சஸ்பென்ஷனுக்கோ பெரிய பில் வந்ததும் விக்கத்தான் போறார். அதைத்தான் அவர்கிட்ட சொன்னேன். கோவிச்சுக்கிட்டார்.

அப்புறம் நானே ஒரு மூணாவது வழி சொன்னேன். நாலு வருஷ வண்டி, 26 லட்சம். முதல் ஆள் 29 லட்சம் வரியையும் கட்டி, விலைச் சரிவையும் தாங்கியாச்சு. நாலு வருஷம் ஓட்டி 12 லட்சத்துக்கு வித்தா, இன்சூரன்ஸ் ரிப்பேர் எல்லாம் சேத்து மாசம் 62,000 ஆகுது. லோன் வேண்டாம். அதுவும் எனக்கு முழு மனசில்ல, ஆனா கூலி நாள்ல தவணை குறுக்க வராது. ஒரே ஒரு நிபந்தனை, தமிழ்நாட்டு நம்பரா இருக்கணும். புதுச்சேரியில வரி குறைவுன்னு அங்க முகவரி காட்டிப் பதிவு பண்ணின கார்கள் நிறைய. 2017-ல கேரளாவுல சினிமாக்காரங்க வரைக்கும் வழக்கானது இந்த விஷயத்துலதான். டெல்லியில பத்து வருஷ டீசல் வண்டிக்குத் தடை வந்ததுல இருந்து அந்தப் பக்கத்து வண்டிகளும் சல்லிசா வருது. விலையைப் பாத்தா வாய்ல எச்சில் ஊறும். ஆனா இங்க நிரந்தரமா ஓட்டணும்னா என்ஓசி வாங்கி, தமிழ்நாட்டு வரியைக் கட்டி, மறுபதிவு பண்ணணும். அதைக் கட்டினா சல்லிசு போச்சு, கட்டாட்டி செக்போஸ்ட் தோறும் பயம்.

மாமா எல்லாத்தையும் கேட்டுக்கிட்டார். போன ஞாயித்துக்கிழமை மதுரைக்குப் போய் ஒரு வண்டியைப் பாத்துட்டு வந்திருக்கார். ராத்திரி எனக்கு ஃபோட்டோ அனுப்பினார். வெள்ளை பென்ஸ், நாலு வருஷம், நல்லாத்தான் இருக்கு. "22 லட்சத்துக்கே தாரேங்கான் மாப்ள"ன்னு கீழ எழுதியிருந்தார்.

பெரிசு பண்ணிப் பாத்தேன். நம்பர் பிளேட்டுல பிஒய்.